எழுத்து முந்தி, படம் பிந்தி: ஈசி காமிக்ஸின் கடைசிக்கால அறிவியல் கதைகள்

குறையை முதலில் சொல்லிவிடுகிறேன். இந்தக் கதைகளில் எழுத்து ரொம்ப அதிகம். படக்கதைதானே என்று பக்கத்தைத் திறந்தால், கட்டத்துக்குக் கட்டம் மேலே நாலைந்து வரி நிற்கிறது. சில இடங்களில் பாதிக் கட்டம் வரை எழுத்து இறங்கி வந்துவிடுகிறது. ராக்கெட் பறக்க வானம் இல்லை, ஆள் நிமிர்ந்து நிற்க இடம் இல்லை. போதாததற்கு, ‘அவன் கதவைத் திறந்தான்’ என்று மேலே எழுதியிருக்கும். கீழே பார்த்தால் அவன் கதவைத் திறந்துகொண்டிருப்பான்.

இத்தனையும் தெரிந்தே நான் பரிந்துரைக்கும் புத்தகங்கள் இவை. ஏன் என்று சொல்ல கொஞ்சம் சுற்றிவர வேண்டியிருக்கிறது.

ஈசி காமிக்ஸ் என்பது 1950-களில் நியூயார்க்கில் இயங்கிய சிறிய பதிப்பகம். உரிமையாளர் வில்லியம் கெய்ன்ஸ், ஆசிரியர் ஆல் ஃபெல்ட்ஸ்டீன். பேய்க் கதைகளால் பேர் வாங்கினார்கள், அதனாலேயே பின்னால் அடியும் வாங்கினார்கள். ஆனால் அவர்கள் செல்லமாக வளர்த்தது ‘வியர்ட் சயின்ஸ்’, ‘வியர்ட் ஃபேண்டசி’ என்ற இரண்டு அறிவியல் புனைகதை இதழ்களைத்தான். இரண்டும் 1950 மே-ஜூனில் தொடங்கின. ஒவ்வொரு இதழிலும் நாலு கதை, ஒவ்வொரு கதையும் ஆறிலிருந்து எட்டுப் பக்கம். விற்பனை கடைசி வரை சொல்லிக்கொள்ளும்படி இல்லை. பேய்க் கதைகள் சம்பாதித்ததை இந்த இரண்டும் தின்றன. 1953 கடைசியில் இரண்டையும் ஒன்றாக்கி ‘வியர்ட் சயின்ஸ்-ஃபேண்டசி’ என்றார்கள். 1955-இல் அதுவும் பெயர் மாறி ‘இன்க்ரெடிபிள் சயின்ஸ் ஃபிக்‌ஷன்’ ஆனது. நாலே இதழ். 1956 தொடக்கத்தில் கதை முடிந்தது.

இப்போது இவை தொகுப்புகளாக இரண்டு விதத்தில் கிடைக்கின்றன. இதழ் வரிசைப்படி வண்ணத்தில் ஒன்று, ஓவியர் வாரியாகக் கறுப்பு வெள்ளையில் இன்னொன்று. நான் இங்கே பேசப்போவது 1952-இலிருந்து வந்த கதைகளைப் பற்றி. அதற்கு முந்தியவற்றில் பைத்தியக்கார விஞ்ஞானியும் சுருங்கிப்போன மனிதனும்தான் திரும்பத் திரும்ப வருகிறார்கள். ஆராய்ச்சி செய்கிறவர்களைத் தவிர வேறு யாருக்கும் அவை அவசியம் இல்லை.

சரி, எழுத்துக்கு வருவோம். என் வேலைக்காலம் முழுக்க வரைபட அறையில் போனது. கணினி வருவதற்கு முந்தைய வரைபட அறை. கட்டடத்துக்கும் குழாய் இணைப்புகளுக்கும் கையால் வரைந்து, ஓரத்தில் தலைப்பும் அளவும் மையால் எழுதுவோம். அதற்கு லெராய் என்று ஒரு செட் உண்டு. நீளமான பட்டை, அதில் எழுத்துகள் பள்ளமாகச் செதுக்கியிருக்கும். கூடவே மூன்று கால் வைத்த ஒரு சின்னக் கருவி. ஒரு கால் பட்டையின் அடியில் ஓடும் நேர்ப்பள்ளத்தில் நகரும். இன்னொரு காலின் ஊசி எழுத்துப் பள்ளத்தைத் தடவும். மூன்றாவது காலில் மைப்பேனா. ஊசி எதைத் தடவுகிறதோ அதையே பேனா தாளில் போடும். யார் கையில் கொடுத்தாலும் ஒரே எழுத்து வரும். புதிதாக வேலைக்கு வந்த பையன் எழுதியதையும் தலைமை வரைவாளர் எழுதியதையும் பிரித்துச் சொல்ல முடியாது.

ஈசி கதைகளின் முதல் பக்கத்திலேயே அந்த எழுத்தைக் கண்டுகொண்டேன். லெராயேதான்! காமிக்ஸ் உலகில் கையால் எழுதுவதுதான் வழக்கம். இவர்களோ பொறியாளர்களின் கருவியை எடுத்திருக்கிறார்கள். அலறுகிறவனும் கிசுகிசுக்கிறவனும் செத்துக்கொண்டிருப்பவனும் ஒரே எழுத்தில் பேசுகிறார்கள். மூலத்தில் மூன்று சொல்லுக்கு ஒரு சொல் தடித்த எழுத்து, வரிக்கு வரி ஆச்சரியக்குறி. அவ்வளவு கத்தலையும் வாட்டர் டேங்க் வரைபடத்தின் குறிப்பு மாதிரி எழுதி வைத்திருப்பதில் ஒரு வேடிக்கை இருக்கிறது. அதே நிறுவனத்தில் போர்க் கதைகளைப் பார்த்துக்கொண்ட ஹார்வி கர்ட்ஸ்மன் இந்த எழுத்தைத் தன் இதழ்களுக்குள் விடவில்லை. பென் ஓடா என்பவரை வைத்துக் கையால் எழுத வைத்தார். பக்கத்தில் வைத்துப் பார்த்தால் வித்தியாசம் பளிச்சென்று தெரியும்.

ஆனால் எழுத்தின் அழகு இங்கே பெரிய விஷயம் இல்லை, அது எப்போது எழுதப்பட்டது என்பதுதான். ராத்திரி தூக்கம் வராமல் கதை கதையாகப் படித்துத் தள்ளும் கெய்ன்ஸ், காலையில் ஒரு கருவோடு வருவார். இரண்டு பேரும் பேசி முடித்ததும் ஃபெல்ட்ஸ்டீன் உட்கார்ந்து, ஓவியம் வரைய வேண்டிய அட்டையிலேயே கட்டம் போட்டு, வசனத்தையும் விவரிப்பையும் பென்சிலால் நேராக எழுதிவிடுவார். தனியாகத் திரைக்கதை எதுவும் கிடையாது. கிட்டத்தட்ட நாளுக்கு ஒரு கதை என்ற வேகம். அதன்மேல் லெராய் கொண்டு மை போட்டாகிவிடும். அதற்குப் பிறகுதான் அட்டை ஓவியர் கைக்குப் போகும்.

மையால் போட்டதை மாற்றுவது எவ்வளவு பெரிய தலைவலி என்று வரைபட அறையில் இருந்தவர்களுக்குத்தான் தெரியும். பிளேடை அரைவாசியாக உடைத்து, மூலையை வைத்துச் சுரண்ட வேண்டும். சுரண்டிய இடத்தை நகத்தால் தேய்த்து வழவழப்பாக்கினால்தான் மறுபடி போடும் மை பரவாமல் நிற்கும். ‘இந்த வரி வேண்டாமே, படத்திலேயே காட்டிவிட்டேன்’ என்று ஓவியர் யாராவது சொல்லியிருந்தாலும், அதற்காக யாரும் பிளேடை எடுத்திருக்க மாட்டார்கள். ஆக, ஓவியர் இந்தப் பக்கத்துக்குக் குடக்கூலிக்கு வந்தவர். சொந்தக்காரர் சாமான்களை வைத்தது போக மிச்சம் இருக்கும் இடத்தில் குடித்தனம் நடத்த வேண்டும்.

இதைத் தெரிந்துகொண்டு படித்தால் இந்தக் கதைகள் வேறு மாதிரி தெரிய ஆரம்பிக்கின்றன. ஒவ்வொரு ஓவியரும் அந்த மிச்ச இடத்தில் என்ன செய்தார் என்று பார்க்கப் பார்க்க சுவாரஸ்யம் கூடுகிறது.

வாலி வுட் அதை அடைத்தார். எவ்வளவு இடம் கிடைத்தாலும் சரி, குழாய், டயல், ரிவெட், வயர் என்று மூச்சு விட இடமில்லாமல் நிரப்பினார். அவருடைய விண்கலங்களின் உட்புறத்தை நான் பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தேன், தொழில் புத்தி. இந்தக் குழாய் எங்கே கிளம்புகிறது, எந்த வால்வில் சேருகிறது என்று பின்தொடர்ந்தால் ஒன்றும் எங்கேயும் சேரவில்லை. ஒரு எல்போ சுவருக்குள்ளே போய் மறைகிறது. வேறொன்று விமானியின் முதுகுக்குப் பின்னால் போய் வெளியே வரவே இல்லை. ஆனால் பார்க்கும்போது சந்தேகம் வராது. காரணம் வெளிச்சம். இரண்டு பக்கமும் விளக்கு வைத்தது போல, உருவத்தின் இரு விளிம்பும் வெளுத்து நடுவில் கறுப்பு திரண்டு நிற்கும். அந்தக் கறுப்புதான் தலைக்கு மேலே இருக்கும் எழுத்துப் பாரத்தைத் தாங்குகிறது.

வுட் வரைந்தவற்றில் முதலில் படிக்க வேண்டியது ‘தேர் வில் கம் சாஃப்ட் ரெயின்ஸ்’. அமெரிக்க எழுத்தாளர் ரே பிராட்பரியின் சிறுகதை, 1953-இன் முதல் ‘வியர்ட் ஃபேண்டசி’யில் வந்தது. அணுகுண்டுக்குப் பிறகு தானியங்கி வீடு ஒன்று மட்டும் தப்பி நிற்கிறது. காலையில் எழுப்புகிறது, சிற்றுண்டி செய்கிறது, மிஞ்சியதைக் கழுவி விடுகிறது, மழை வருமா என்று சொல்கிறது. கேட்க ஆள் இல்லை. வெளிச்சுவரில் குடும்பத்தின் நிழல்கள் மட்டும் பதிந்திருக்கின்றன: புல் வெட்டும் அப்பா, பூப்பறிக்கும் அம்மா, பந்தைப் பிடிக்கக் கையைத் தூக்கிய குழந்தை. மற்ற கதைகளில் தொல்லையாக இருந்த விவரிப்பு இங்கே கச்சிதமாகப் பொருந்திவிடுகிறது. பேச மனிதர்களே இல்லாத கதையில் அந்த உணர்ச்சியில்லாத லெராய் எழுத்தே வீட்டின் குரலாகிவிட்டது. வேண்டுமென்று செய்தார்களா, தானாக அமைந்ததா என்பது வேறு விஷயம். பிராட்பரி புத்தகமாகத் தொகுத்தபோது இந்தக் கதைக்குக் கொடுத்த தேதி 2026 ஆகஸ்ட் 4.

பிராட்பரி இந்த இதழ்களுக்குள் வந்த விதமே தனிக் கதை. அவருடைய இரண்டு சிறுகதைகளை ஈசி கேட்காமலே எடுத்து, ஒன்றாகக் குழைத்து, ‘ஹோம் டு ஸ்டே’ என்ற பெயரில் 1952-இல் போட்டுவிட்டது. ஒன்றில் விண்வெளிக்குப் போய்ப் போய் வரும் அப்பா. இன்னொன்றில் வெடித்துச் சிதறிய கலத்திலிருந்து ஆளுக்கொரு திசையில் மிதந்து போகும் வீரர்கள். அதைப் பார்த்த பிராட்பரி வக்கீல் நோட்டீஸ் அனுப்பவில்லை. ‘என் இரண்டு கதைகளையும் பயன்படுத்தியதற்கான 50 டாலர் காசோலை இன்னும் வந்து சேரவில்லை, மறந்துவிட்டீர்கள் போலிருக்கிறது’ என்கிற தோரணையில் மரியாதையாக ஒரு கடிதம் எழுதினார். காசோலை போனது. பிறகு முறைப்படி அனுமதி வாங்கி அவருடைய கதைகளைத் தொடர்ந்து போட்டார்கள். இதில் சங்கடமான உண்மை என்னவென்றால், திருடிய ‘ஹோம் டு ஸ்டே’ அனுமதி வாங்கிய பல கதைகளைவிட நன்றாக இருக்கிறது. இரண்டு கதைகளையும் இணைத்த இடம் அவ்வளவு பொருத்தம். முடிவைச் சொல்ல மாட்டேன். அம்மாவும் பையனும் வானத்தைப் பார்க்கும் கட்டம் வரும்போது கொஞ்சம் நிதானமாகப் பக்கத்தைத் திருப்புங்கள்.

தேடிப் பிடிக்கிறவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. அது வந்தது ‘வியர்ட் ஃபேண்டசி’ 13-ஆம் இதழ். ஆனால் 13-ஆம் இதழ் இரண்டு உண்டு. 1950-இல் அஞ்சல் அனுமதிக் கட்டணத்தை மிச்சம் பிடிக்க, நின்றுபோன ஒரு காதல் இதழின் எண்ணைத் தொடர்ந்து 13 என்றே முதல் இதழைப் போட்டார்கள். பிறகு அஞ்சல் துறை ஒத்துக்கொள்ளாததால் எண்ணைச் சரிசெய்து வந்ததில் 1952-இல் மறுபடி ஒரு 13. ஆண்டைப் பார்க்காமல் எண்ணை மட்டும் நம்பினால் வேறு இதழ் வந்து சேரும்.

ஜாக் கேமன் என்ற ஓவியரைப் பொதுவாக யாரும் பாராட்டுவதில்லை. அவருடைய ஆட்கள் எல்லாரும் விளம்பரத்தில் வருகிறவர்கள் மாதிரி தலை வாரி, சட்டை கசங்காமல் இருப்பார்கள். விண்வெளியில் அது எடுபடாது. ஆனால் ‘ஜீரோ அவர்’ கதையை அவரிடம் கொடுத்தது யாருடைய யோசனையோ, சரியான யோசனை. ஊரெல்லாம் குழந்தைகள் ‘படையெடுப்பு’ என்று ஒரு விளையாட்டு விளையாடுகிறார்கள். கரண்டியும் ஸ்பேனரும் எடுத்துக்கொண்டு ஓடுகிறார்கள். கண்ணுக்குத் தெரியாத நண்பன் ஒருவன் சொல்லச் சொல்ல எதையோ செய்கிறார்கள். மிங்க் என்ற சிறுமியின் அம்மா சிரித்துக்கொண்டே பார்த்துக்கொண்டிருக்கிறாள். வுட் வரைந்திருந்தால் இரண்டாவது பக்கத்திலேயே நிழல் விழுந்து நமக்கு விஷயம் தெரிந்திருக்கும். கேமனின் சுத்தமான வீடும், பளபள சமையலறையும், கன்னம் உப்பிய குழந்தைகளும் கடைசிப் பக்கம் வரை எதையும் காட்டிக்கொடுப்பதில்லை. எனக்கு இந்தத் தொகுப்பிலேயே உண்மையான பயம் வந்தது இதில்தான்.

அதே இதழில்தான், 1953 மார்ச்-ஏப்ரலில், ‘ஜட்ஜ்மென்ட் டே’ வந்தது. வரைந்தவர் ஜோ ஓர்லாண்டோ. பூமியிலிருந்து டார்ல்டன் என்ற அதிகாரி, ரோபோக்கள் மட்டுமே வாழும் சிப்ரினியா என்ற கிரகத்துக்கு வருகிறான். விண்மீன் குடியரசில் சேர அவர்களுக்குத் தகுதி வந்துவிட்டதா என்று பார்க்க வேண்டும். ஆரஞ்சு நிற ரோபோ ஒன்று பெருமையோடு சுற்றிக் காட்டுகிறது. தொழிற்சாலை, அரசாங்கம், எல்லாம் சரி. நீல நிற ரோபோக்கள் எங்கே என்று டார்ல்டன் கேட்கிறான். அவர்கள் ஊரின் வேறு பகுதியில். பேருந்தில் அவர்களுக்குப் பின் இருக்கை. அவர்கள் தயாராகும் தொழிற்சாலையும் தனி. டார்ல்டன் அந்தத் தொழிற்சாலைக்கும் போகிறான். மூளை, கம்பி, இதயம் எல்லாம் அதே வரைபடம், அதே பாகம். வெளியே போர்த்தும் தகட்டின் நிறம் மட்டும் வேறு.

இதைத் தமிழில் படிக்கிற யாருக்கும் ஊரின் வேறு பகுதி என்றதுமே மிச்சம் புரிந்துவிடும்.

இந்தக் கதையின் சாமர்த்தியம் தலைக்கவசத்தில் இருக்கிறது. ஏழு பக்கமும் டார்ல்டன் தலைக்கவசத்தோடுதான் வருகிறான். கண்ணாடியில் வெளிச்சம் பட்டு முகம் தெரியாது. விண்வெளிக் கதையில் அதில் விசேஷம் இல்லை என்பதால் நாம் கவனிப்பதும் இல்லை. கடைசிக் கட்டத்தில், திரும்பிப் போகும் கலத்துக்குள், கவசத்தைக் கழற்றுகிறான். அவன் ஒரு கறுப்பின மனிதன். கருவிகளின் வெளிச்சத்தில் அவன் முகத்தில் வியர்வைத் துளிகள் மின்னுகின்றன. ஃபெல்ட்ஸ்டீன் எத்தனையோ கதைகளில் கடைசிக் கட்டத் திருப்பத்தை வைத்து வித்தை காட்டியவர். இங்கே அது வித்தையாக இல்லை. அதுவரை சொன்னதற்கெல்லாம் யார் தீர்ப்புச் சொன்னது என்று காட்டுகிறது, அவ்வளவுதான். ஓர்லாண்டோவும் அந்த ஒரு கட்டத்துக்காகவே முந்தைய பக்கங்களில் கையை அடக்கி வரைந்திருக்கிறார்.

1954-இல் காமிக்ஸ் இதழ்களுக்குத் தணிக்கைக் குழு வந்தது. 1956-இல், வேறொரு கதையைக் குழு நிராகரித்துவிட்டதால், அந்த இடத்தில் ‘ஜட்ஜ்மென்ட் டே’யை மறுபதிப்பாகப் போட ஈசி முடிவு செய்தது. குழுவின் தலைவர், முன்னாள் நீதிபதி சார்லஸ் மர்ஃபி, அந்த விண்வெளி வீரன் கறுப்பாக இருக்கக்கூடாது என்றார். அவன் கறுப்பாக இருப்பதுதானே கதையே என்று சொல்லிப் பார்த்தார்கள். பிறகு வியர்வைத் துளிகளையாவது எடுங்கள் என்று வந்து நின்றதாகச் சொல்வார்கள். கெய்ன்ஸ் பத்திரிகைகளைக் கூட்டி எல்லாவற்றையும் சொல்லிவிடுவேன் என்று மிரட்டி, ஒரு புள்ளியும் மாற்றாமல் அச்சிட்டார். ‘இன்க்ரெடிபிள் சயின்ஸ் ஃபிக்‌ஷன்’ 33. ஈசியின் கடைசி காமிக்ஸ் புத்தகம் அதுதான். அதற்குப் பிறகு அவர்கள் கையில் மிஞ்சியது ‘மேட்’ என்ற நகைச்சுவைப் பத்திரிகை மட்டும்.

பெர்னார்ட் கிரிக்ஸ்டீன் என்ற ஓவியர் கடைசிக் காலத்தில் வந்து சேர்ந்தவர். இந்த மிச்ச இட வாழ்க்கை அவருக்குப் பிடிக்கவில்லை. வேறொரு ஈசி இதழில் 1955-இல் அவருக்கு ஒரு ஆறு பக்கக் கதை வந்தது. பக்கம் போதாது என்று சண்டை போட்டு எட்டாக்கினார். அப்புறம், ஏற்கெனவே எழுத்து போட்டிருந்த அட்டைகளை வெட்டி, துண்டுகளை வேறு இடத்தில் ஒட்டி, ஒரு கட்டத்தை மூன்றாகவும் நாலாகவும் பிரித்தார். அதைக் கேட்டபோது ஒரு வரைவாளனாக எனக்குப் பதறியது, வாசகனாகக் கைதட்டத் தோன்றியது. அறிவியல் இதழில் அவர் செய்தது ‘தி ஃப்ளையிங் மெஷின்’. இதுவும் பிராட்பரி. பழைய சீனாவில், கி.பி. 400 வாக்கில், ஒரு மனிதன் தாளாலும் மூங்கிலாலும் இறக்கை கட்டிப் பறக்கிறான். பேரரசர் அவனைக் கீழே கூப்பிட்டு, இதை வேறு யார் பார்த்தார்கள் என்று கேட்கிறார். வுட் கறுப்பை அள்ளிப் பூசிய இடத்தில் கிரிக்ஸ்டீன் வெள்ளையை விட்டு வைத்திருக்கிறார். மெல்லிய கோடு, நிறைய வெற்றிடம். எழுத்து இங்கேயும் குறைவில்லைதான், ஆனால் அது வானத்தில் மிதக்கிற மாதிரி அமைந்திருக்கிறது.

ஆல் வில்லியம்சனின் டைனோசர் வேட்டைக் கதை ‘எ சவுண்ட் ஆஃப் தண்டர்’ பார்க்க அழகு. கதை எல்லாருக்கும் தெரிந்துவிட்டதால் படிக்க ஒன்றும் இல்லை. ஓர்லாண்டோ வரைந்த ஆடம் லிங்க் ரோபோ தொடரும் அப்படித்தான். ரோபோ தன் சுயசரிதையைச் சொல்லிக்கொண்டே போகிறது, நமக்குக் கொட்டாவி வருகிறது.

இனி எனக்குப் பிடிக்காதவை. பெண்கள் ஒன்று அலறுகிறார்கள், இல்லாவிட்டால் ஏமாற்றுகிறார்கள். ‘ஜீரோ அவர்’ அம்மாவைப் போல ஒன்றிரண்டு பேர்தான் மனிதர்களாக வருகிறார்கள். விஞ்ஞானம் அந்தக் காலத்தோடு நின்றுவிட்டது. வெள்ளிக் கிரகத்தில் காடு வளர்கிறது, ஆட்கள் சாதாரணச் சட்டையில் நடக்கிறார்கள். அங்கே தரையில் 460 டிகிரிக்கு மேல் கொதிக்கிறது என்பது 1960-களில்தான் தெரியவந்தது, அதற்காக அவர்களைக் குறை சொல்ல முடியாது. திருப்பங்களைத்தான் குறை சொல்வேன். இரண்டு மாதத்துக்கு ஒரு முறை நாலு கதை படித்தவர்களுக்காக எழுதியவை இவை. தொகுப்பில் வரிசையாகப் படித்தால் ஏழாவது கதையிலேயே கை பழகிவிடுகிறது. ‘கடைசியில் இவர்கள்தான் வேற்றுக்கிரகவாசிகள்’ என்று முதல் பக்கத்திலேயே சொல்லிவிடலாம். ஒரு நாளைக்கு ஒரு கதைக்கு மேல் வேண்டாம்.

எந்தப் பதிப்பை வாங்குவது என்று கேட்டால், கறுப்பு வெள்ளை. அந்தக் காலத்தில் வண்ணம் பூசிய மேரி செவரின் திறமைசாலி. தட்டையான நாலு நிறத்தை வைத்துக்கொண்டே ஒரு கட்டம் முழுக்க நீலத்தை இறக்கி ராத்திரியை வரவழைப்பார். ஆனால் இன்றைய வண்ணத் தொகுப்புகளில் கணினியில் மறுபடி பூசியதுதான் கிடைக்கிறது. கன்னத்தில் பளபளப்பு, வானத்தில் வழுவழுவென்று நிறம் மங்கிக்கொண்டே போவது. வுட் கறுப்பு மையால் கொடுத்த வெளிச்சத்தின் மேல் இன்னொரு வெளிச்சம். ஒரே முகத்துக்கு நாலு சூரியன். கறுப்பு வெள்ளையில் பேனா எங்கே நின்றது, தூரிகை எங்கே தொடங்கியது, புள்ளிகள் அச்சிட்ட புள்ளித்தாளை ஒட்டி பிளேடால் எங்கே வெட்டினார்கள் என்பது வரை தெரிகிறது. நாங்களும் அதே புள்ளித்தாளை ஒட்டியவர்கள்தான், மண்ணையும் கான்கிரீட்டையும் பிரித்துக் காட்ட.

ஓவியர் வாரித் தொகுப்பில் ஒரு சங்கடம் உண்டு: ஒரே கை தொடர்ந்து வருவதால் கேமன் மாதிரி ஆட்களை முழுப் புத்தகமாகத் தாங்குவது கஷ்டம். வுட்டுக்கும் ஓர்லாண்டோவுக்கும் அந்தப் பிரச்சினை இல்லை. பிராட்பரி கதைகளை மட்டும் சேர்த்து 2022-இல் வந்த ஒரு தொகுப்பு இருக்கிறது. ஓவியர்கள் கலந்து வருவார்கள், கேமனின் ‘ஜீரோ அவர்’ முதல் கிரிக்ஸ்டீன் வரை அதிலேயே கிடைத்துவிடும். பேய்க் கதைகளும் சில கலந்திருக்கும், பரவாயில்லை. ‘ஜட்ஜ்மென்ட் டே’ பிராட்பரியுடையது இல்லை என்பதால் அதற்கு ஓர்லாண்டோ தொகுப்பைத் தனியாக வாங்கத்தான் வேண்டும். அவர் பெயரை விட அந்தக் கதையின் பெயரைத்தான் அட்டையில் பெரிதாகத் தேட வேண்டும்.

வுட் தொகுப்பு எடுப்பவர்கள் ‘மை வேர்ல்ட்’ என்ற ஆறு பக்கத்தைக் கடைசிக்கு வைத்துக்கொள்ளுங்கள். ‘வியர்ட் சயின்ஸ்’ தனி இதழாக வந்த கடைசி எண்ணில் இருப்பது. கதையே கிடையாது. ‘என் உலகம்’ என்று ஒருவன் வரிசையாகச் சொல்லிக்கொண்டு போகிறான். ராக்கெட்டுகள், அழிந்த நகரங்கள், ராட்சதப் பிராணிகள், அழகான கிரகங்கள் என்று கட்டத்துக்குக் கட்டம் மாறுகிறது. கடைசிக் கட்டத்தில் வரைபலகை முன்னால் உட்கார்ந்திருக்கும் ஒரு ஆள், தான் ஓர் அறிவியல் கதை ஓவியன் என்று சொல்லி, தன் பெயர் வுட் என்கிறான். எழுதியது ஃபெல்ட்ஸ்டீன்தான். மற்ற கதைகளில் ஓவியருக்கு இடம் விடாத அதே மனிதர், இங்கே ஆறு பக்கத்தையும் ஓவியருக்கே எழுதிக் கொடுத்திருக்கிறார்.

ஒன்று மட்டும்: கைப்பேசியில் படிக்கலாம் என்று மட்டும் நினைக்காதீர்கள். எழுத்தைப் பெரிதாக்கினால் படம் போய்விடும், படத்தைப் பார்த்தால் எழுத்து எறும்பாகிவிடும். பெரிய அளவுப் புத்தகமும் நல்ல மேசை விளக்கும் வேண்டும். என் வயதுக்காரர்கள் பூதக்கண்ணாடியையும் எடுத்துவைத்துக்கொள்ளுங்கள், வுட்டின் குழாய்களுக்காவது உதவும்.